கேள்வி–பதில்: நாலு நிமிடம், ஆறு விமானம்

சென்ற இதழில் போர் விமானிகள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பின்லாந்துக்காரர் யோர்மா சர்வான்டோ 1940-ல் நாலு நிமிடத்தில் ஆறு குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்தினார் என்று ஒரு வரி போட்டிருந்தோம். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையை நிறைத்துவிட்டன. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க அவரும் அவர் ஓட்டிய ஃபோக்கர் விமானமும்தான். சினிமா, அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

கே: யார் இந்த சர்வான்டோ? அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

ப: பிறந்தது 1912 ஆகஸ்ட் 22, பின்லாந்தின் தென்மேற்கில் உள்ள டுர்க்கு துறைமுக நகரம். பள்ளிப் படிப்பு, கட்டாய ராணுவ சேவை, விமானிப் பயிற்சி, அதன்பின் அதிகாரிகளுக்கான கேடட் பள்ளி என்று படிப்படியாக ஏறி, 1937-ல் 24-ஆவது விமானப் பிரிவில் சேர்ந்தார். அந்தப் பிரிவு இருந்த இடம் உட்டி என்ற தளம். நாட்டிலேயே புதிய சண்டை விமானமான ஃபோக்கர் டி-21 அந்தப் பிரிவுக்குத்தான் கொடுக்கப்பட்டிருந்தது.

1939 நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. 105 நாள் நடந்த அந்தப் போரைக் குளிர்காலப் போர் என்பார்கள். சர்வான்டோவுக்கு முதல் வெற்றி டிசம்பர் 23-ல் கிடைத்தது. ஜனவரி 6-ல் அந்த ஆறு. மார்ச் 13-ல் போர் நின்றபோது அவர் கணக்கு 13. அந்தப் போரில் வேறு எந்தப் பின்லாந்து விமானிக்கும் அவ்வளவு இல்லை. 1941-ல் மறுபடி போர் மூண்டதும் அமெரிக்க பிரூஸ்டர் விமானத்தில் பறந்து இன்னும் நான்கு சேர்த்தார். மொத்தம் 17. போருக்குப் பிறகும் விமானப்படையிலேயே இருந்தார். 1950-களில் லண்டன் தூதரகத்தில் ராணுவ அட்டாஷேயாகப் பணியாற்றினார். 1963 அக்டோபரில் காலமானபோது வயது 51.

பின்லாந்தின் உயரிய வீர விருதான மன்னர்ஹைம் சிலுவை அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த விருதையே 1940 டிசம்பரில்தான் ஏற்படுத்தினார்கள். அவருடைய பெரிய நாள் அதற்கு முன்பே கடந்துவிட்டது.

கே: அண்ணாச்சி, நாலு நிமிசத்துல ஆறு பிளேனை ஒத்தை ஆளு விழத்தாட்டினாருன்னு போட்டிருக்கிய. கொஞ்சம் கூட்டித்தான சொல்லுதிய?
— டீக்கடை வாசகர் வட்டம், திசையன்விளை

ப: கூட்டவில்லை. ஆனால் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் நம்பிக்கை வரும்.

1940 ஜனவரி 6. சோவியத் டி.பி-3 ரகக் குண்டுவீச்சு விமானங்கள் எட்டு, தெற்கிலிருந்து வந்து குவோபியோ நகரை நோக்கிப் போயின. போகும் வழியிலேயே ஒன்றை பெர்-எரிக் சோவேலியுஸ் என்ற விமானி வீழ்த்தினார். மீதி ஏழும் குண்டு போட்டுவிட்டு, வந்த வழியே திரும்பின. இதுதான் முதல் காரணம்: திரும்பி வரும் பாதை தெரிந்துவிட்டது. நண்பகலை ஒட்டி சர்வான்டோ எஃப்.ஆர்-97 என்ற எண்ணுள்ள ஃபோக்கரில் ஏறி, அந்த வரிசைக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார்.

இரண்டாவது காரணம், துணைக்குச் சண்டை விமானம் இல்லை. அன்றைய சோவியத் சண்டை விமானங்களால் அவ்வளவு தூரம் போய்த் திரும்ப முடியாது. குண்டுவீச்சு விமானங்கள் தனியாகத்தான் வந்தன. மூன்றாவது, ஏழும் ஒரே வரிசையாக, ஒரே வேகத்தில், நேர் கோட்டில் பறந்தன. சிதறி ஓடினால் ஒன்றையோ இரண்டையோதான் துரத்த முடியும். ஒன்றையொன்று துப்பாக்கியால் காத்துக்கொள்ளலாம் என்று சேர்ந்தே பறப்பதுதான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை. ஓரத்தில் இருப்பதை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர அதுவே அவருக்கு வசதியாகிவிட்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். நாலு நிமிடம் என்றால் 240 விநாடி. ஒரு விமானத்துக்கு 40 விநாடி. ஃபோக்கரில் இருந்தவை நான்கு இயந்திரத் துப்பாக்கிகள், எல்லாமே ரைஃபிள் தோட்டா அளவுதான், பீரங்கி கிடையாது. இந்த வகைத் துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 1,000 தோட்டா துப்பும். துப்பாக்கிக்கு 500 தோட்டா இருந்தாலும் விசையை விடாமல் அழுத்தினால் அரை நிமிடத்தில் காலி. அதை ஆறுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 5 விநாடி. மீதி 35 விநாடியும் குறி வைப்பதற்கும், பக்கவாட்டில் நகர்வதற்கும், நெருங்குவதற்கும். மூச்சு விட நேரம் இல்லாத வேலைதான், ஆனாலும் நடக்கக்கூடிய கணக்கு.

முதலில் அவர் குறி வைத்தது பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் துப்பாக்கிக்காரரை. அவர் கையில் இருந்த ஷ்காஸ் துப்பாக்கி நிமிடத்துக்கு 1,800 தோட்டா வரை சுடும்; அதை அடக்காமல் நெருங்கினால் விழுவது ஃபோக்கர்தான். அது மௌனமானதும் இன்னும் கிட்டே போய், இறக்கையோடு ஒட்டிய என்ஜினையும் இறக்கைக்குள் இருக்கும் பெட்ரோல் தொட்டியையும் பார்த்துச் சின்னச் சின்னதாகச் சுடுவது. தொட்டியில் பட்டால் தீ பிடிக்கும். தீ பிடித்தது தெரிந்ததும் விழுகிறதா என்று வேடிக்கை பார்க்காமல் அடுத்ததற்குப் போய்விட வேண்டும். அந்த ஒழுங்குதான் அன்று ஆறு விமானம் வரை அவரைக் கொண்டு சென்றது.

ஏழாவதன் பின்னால் போய் விசையை அழுத்தியபோது தோட்டா தீர்ந்திருந்தது. அதை சோவேலியுஸ் பார்த்துக்கொண்டார். ஆக எட்டில் ஒன்றுகூட ஊர் திரும்பவில்லை. விழுந்தவை உட்டிக்கும் டவஸ்டிலாவுக்கும் இடையே, பின்லாந்து மண்ணில் விழுந்தன. இதனால்தான் சந்தேகத்துக்கு இடம் குறைவு: சிதிலத்தை நடந்து போய் எண்ணிப் பார்க்க முடிந்தது. கடலிலோ எதிரி மண்ணிலோ விழுந்ததாகச் சொல்லப்படும் கணக்குகளை, எந்த நாட்டு விமானியாக இருந்தாலும், கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் வாசிக்க வேண்டும்.

கே: 50 மீட்டர் வரை நெருங்கிச் சுடச் சொல்லிப் பழக்கினார்களாம். அது தைரியத்தைக் காட்டவா, அறிவியல் காரணம் உண்டா?
— என்.சி.சி. மாணவர், அம்பாசமுத்திரம்

ப: காரணம் சுத்தமான கணக்கு. துப்பாக்கித் தோட்டாவின் வேகம் விநாடிக்கு 800 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 மீட்டர் தள்ளி இருந்து சுட்டால் போய்ச் சேர அரை விநாடி. மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் விமானம் அந்த அரை விநாடியில் சுமார் 55 மீட்டர் நகர்ந்துவிடும். அதாவது விமானத்துக்கு 55 மீட்டர் முன்னால், வெறும் ஆகாயத்தைப் பார்த்துச் சுட வேண்டும். அதையே 50 மீட்டரில் சுட்டால் நகர்வு 7 மீட்டர்தான். மூக்கைப் பார்த்துச் சுட்டால் உடம்பில் படும். நேர் பின்னாலிருந்து சுட்டால் அதுவும் தேவையில்லை.

இன்னொன்று, துப்பாக்கிகள் இரண்டு உடம்பிலும் இரண்டு இறக்கையிலும் இருந்தன. இறக்கைத் துப்பாக்கிகளைக் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பி, முன்னால் ஒரு புள்ளியில் நான்கு தோட்டா ஓட்டமும் சந்திக்கும்படி பொருத்துவார்கள். அந்தப் புள்ளியைத் தாண்டினால் தோட்டாக்கள் விரிந்து போகும். சின்னத் தோட்டாவால் சேதம் வர வேண்டுமானால் எல்லாம் ஒரே இடத்தில் பட வேண்டும். அதற்குக் கிட்டப் போவதைத் தவிர வழி இல்லை.

கெட்டுப்போவது எங்கே என்றால், நெருங்கும் நேரத்தில். ஃபோக்கருக்கும் டி.பி-3-க்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மணிக்கு 50 கி.மீ. கூடுதலாகப் போனாலும் விநாடிக்கு 14 மீட்டர்தான் நெருங்கலாம். 300 மீட்டர் இடைவெளியை மூட 21 விநாடி. அத்தனை நேரமும் பின்துப்பாக்கிக்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால்தான் முதலில் உயரத்தில் ஏறி நிற்பது. உயரத்தை விட்டு இறங்கினால் அது வேகமாக மாறிக் கையில் வரும். கீழே இருந்து துரத்தியவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்பினார்கள். பக்கத்தில் போய்ச் சுட்டால் வேறொரு தொல்லையும் உண்டு: அடிபட்ட விமானத்தின் ஆயிலும் தகரத் துண்டும் நம் கண்ணாடியில்தான் வந்து விழும்.

பிரிவின் தளபதி மக்னுசன் இன்னொரு கட்டளையும் வைத்திருந்தார்: சோவியத் சண்டை விமானங்களோடு வட்டமடித்து மல்லுக்கட்ட வேண்டாம், குண்டுவீச்சு விமானத்தை மட்டும் பாருங்கள். எதிரியின் ஐ-16 வேகமாகத் திரும்பும். அதனோடு சுற்றினால் ஃபோக்கர் தோற்கும். கைவசம் இருந்ததோ 36 ஃபோக்கர். ஒன்று போனால் ஈடு செய்ய ஆளும் இல்லை, விமானமும் இல்லை.

பறக்கும் அணியிலும் பின்லாந்துக்காரர்கள் அப்போதே முந்தியிருந்தார்கள். மற்ற நாடுகள் மூன்று மூன்றாக ஒட்டிப் பறந்தபோது, இவர்கள் 1930-களின் நடுவிலேயே ரிகார்ட் லோரென்ட்ஸ் போன்ற அதிகாரிகளின் முயற்சியால் இரண்டிரண்டாகவும், இரண்டு ஜோடி சேர்ந்து நான்காகவும், இடைவெளி விட்டுப் பறக்கப் பழகிவிட்டார்கள். மூன்றாக ஒட்டிப் பறந்தால் பக்கத்து விமானி தலைவரின் இறக்கையில் இடிக்காமல் இருப்பதிலேயே கண்ணை வைத்திருப்பார். ஜோடியாக விலகிப் பறந்தால் வானத்தைப் பார்க்கலாம்.

கே: மார்கழிப் பனிக்கே எங்க லோடு ஆட்டோ காலையில ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. மைனஸ் 35-ல விமான என்ஜினை எப்படி ஸ்டார்ட் பண்ணினாங்க?
— வாகன மெக்கானிக், பேட்டை

ப: உங்கள் ஆட்டோவுக்கு க்ளோ பிளக்கையும் பேட்டரியையும் பாருங்கள், நம் பனிக்கு அது போதும். அங்கே விஷயமே வேறு. அந்த ஜனவரியில் மைனஸ் 40-ஐத் தொட்ட நாட்கள் உண்டு. அந்தக் குளிரில் என்ஜின் ஆயில் தார் மாதிரி இறுகிவிடும். ஃபோக்கரில் இருந்தது மெர்குரி என்ற ஒன்பது சிலிண்டர் என்ஜின்; சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும், காற்றால் குளிரும் வகை. ரேடியேட்டர் தண்ணீர் உறையும் கவலை மட்டும் இல்லை.

வேலை காலையில் தொடங்குவதில்லை, முந்தின நாள் சாயங்காலமே தொடங்கிவிடும். விமானம் இறங்கி நின்றதும், என்ஜின் சூடு ஆறுவதற்குள் ஆயிலைத் தகர டின்களில் வடித்துவிட வேண்டும். ஆறிய பிறகு வடிக்க நினைத்தால் வராது. டின்கள் குடிசைக்குள், அடுப்போரம் போகும். பேட்டரியும் உள்ளே போகும். என்ஜினுக்கு மெத்தை வைத்துத் தைத்த உறை, தரை வரை தொங்கும்படி.

காலையில், வெளிச்சம் வருவதற்கு வெகு நேரம் முன்பே, அந்த உறைக்கு அடியில் ஒரு ஹீட்டரை வைத்துச் சூட்டை மேலே ஏற்றுவார்கள். பெட்ரோல் கசிவு இருந்தால் விமானமே எரிந்துபோகும். ஆகவே ஒருவர் தீயணைப்பானோடு அங்கேயே நிற்க வேண்டும், கைகாயப் பக்கத்துக் குடிசைக்குப் போய்விடக் கூடாது. சிலிண்டர் தொட்டால் வெதுவெதுப்பாகத் தெரிந்தபின், அடுப்பில் காய்ந்த ஆயிலை ஊற்றுவது. ஊற்றியதும் தாமதிக்கக் கூடாது. குளிர்ந்த குழாயில் ஆயில் மறுபடி இறுகும்.

அடுத்தது புரோப்பெல்லரைக் கையால் சில சுற்று சுற்றுவது. இதைச் சடங்கு என்று நினைத்துத் தவிர்த்தால் என்ஜின் போச்சு. வட்ட என்ஜினில் கீழ்ப்பக்கச் சிலிண்டர்களுக்குள் இரவெல்லாம் ஆயில் கசிந்து தேங்கியிருக்கும். திரவத்தை அமுக்க முடியாது. சுற்றும்போது ஓரிடத்தில் அடைத்து நின்றால் பலம் கொடுக்காதீர்கள், எதிர்ப்பக்கமும் சுற்றாதீர்கள். கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அப்படியே ஸ்டார்ட்டரைப் போட்டால் கனெக்டிங் ராடு வளையும். அது அன்றைக்கே உடையாது, இரண்டு மூன்று பறப்புக்குப் பிறகு நடுவானில் உடையும்.

பிறகு பெட்ரோலை பம்ப் அடித்து உள்ளே விடுவது. குறைந்தால் பற்றாது. கூடினால் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும், புகைப்போக்கியில் தீயும் வரும். இதில் ஒரு கொடுமை உண்டு: என்ஜின் இரண்டு முறை இருமி நின்றுவிட்டால், எரிந்த வாயுவில் இருந்த நீராவி பிளக்கின் முனையில் பனியாக உறைந்துவிடும். அதன்பின் எத்தனை தரம் முயன்றாலும் பொறி வராது. எல்லா பிளக்கையும் கழற்றி, சூடு காட்டி, மறுபடி மாட்ட வேண்டும். ஆகவே முதல் முயற்சியிலேயே பற்ற வைப்பதுதான் மெக்கானிக்கின் கெட்டிக்காரத்தனம்.

என்ஜின் ஓட ஆரம்பித்ததும் ஆயில் பிரஷர் முள்ளைப் பார்க்க வேண்டும். அரை நிமிடத்துக்குள் ஏறாவிட்டால் உடனே நிறுத்து. ஏறினாலும் ஆயில் சூடாகும் வரை மெதுவாக ஓட்டு. அவசரப்பட்டு முறுக்கினால் இறுகிய ஆயில் குழாயைப் பிளந்துவிடும்.

இதோடு முடிந்துவிடாது. இறக்கையில் படிந்த மெல்லிய உறைபனியைத் துடைப்பத்தாலோ கயிற்றை இழுத்தோ எடுக்க வேண்டும். உப்புத்தாள் அளவு சொரசொரப்பு இருந்தாலும் தூக்குவிசை குறையும், ஓடுதளம் தீர்ந்துபோகும். துப்பாக்கிகளில் கிரீஸ் இருக்கக் கூடாது, துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் மாதிரி இளகினது எதையாவது லேசாகத் தடவலாம். துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுபோய்த் துடைத்துத் திரும்ப மாட்டுவது ரொம்பத் தப்பு: உள்ளே ஈரம் வேர்க்கும், வெளியே வந்ததும் அது ஐஸாகி இயக்கத்தைப் பூட்டிவிடும். சக்கரத்துக்குப் பதில் மாட்டிய பனிச்சறுக்குக் கட்டைகள் இரவில் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மரக்கிளையோ பலகையோ போட்டு அதன்மேல்தான் நிறுத்துவார்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் உட்டியில் பகல் ஏறக்குறைய 6 மணி நேரம். நமக்கு மார்கழியிலும் பதினொன்றரை மணிக்குக் குறையாது. மேலே சொன்ன அத்தனையும் கையுறை போட்ட கையோடு, இருட்டில் நடந்தது.

கே: கயத்தாறில் பழைய விமான ஓடுதளம் கிடக்கிறது. பின்லாந்தில் உறைந்த ஏரி மேலேயே விமானத்தை இறக்கினார்களாமே. உடையாதா?
— ஆசிரியர், கயத்தாறு

ப: தடிமன் போதுமானால் உடையாது. தோட்டா, பெட்ரோல், ஆள் எல்லாம் சேர்த்து ஃபோக்கரின் எடை ஏறக்குறைய 2 டன், அதாவது ஒரு பெரிய ஜீப் அளவு. தெளிவான, கெட்டியான ஏரி ஐஸ் 20 முதல் 30 செ.மீ. இருந்தால் அந்த எடை ஓடும். ஓடுவது வேறு, நிறுத்தி வைப்பது வேறு: ஒரே இடத்தில் பாரம் நின்றால் ஐஸ் மெல்ல மெல்ல வளைந்து, விரிசலில் தண்ணீர் மேலே வரும். அதனால் இறங்கியதும் கரையோர மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். எதிரி கண்ணிலிருந்து மறைக்கவும் அதுவே வசதி.

ஏரியின் மேல் விழும் பனித்தூவல் கம்பளி போர்த்திய மாதிரி குளிரை உள்ளே விடாது. அடியில் ஐஸ் தடிக்காது. ஆகவே ஓடுதளம் வேண்டிய இடத்தில் பனியை அகற்ற வேண்டும், அல்லது உருளை போட்டு அமுக்க வேண்டும். நயினார்குளம் உறைந்தால் என்று கனவு காண வேண்டாம். கயத்தாறு தளத்துக்கு அந்தக் கவலை எதுவும் இல்லை.

கே: அந்த விமானங்களில் ஸ்வஸ்திக் சின்னம் இருக்கிறது. ஹிட்லர் ஆட்களா அவர்கள்?
— ஜவுளிக்கடை உரிமையாளர், சங்கரன்கோவில்

ப: சின்னம் ஹிட்லரிடமிருந்து வரவில்லை. 1918 மார்ச் 6 அன்று ஸ்வீடன் பிரபு எரிக் வான் ரோசன் ஒரு விமானத்தைப் பின்லாந்துக்குப் பரிசாகக் கொடுத்தார். நில்ஸ் கிண்ட்பெர்க் ஓட்ட, ரோசன் பயணியாக உட்கார, ஊமியோவிலிருந்து கடல் தாண்டி வாசா நகரில் போய் இறங்கியது. அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் பறந்ததற்காக ஸ்வீடன் அரசு விமானி கிண்ட்பெர்க்குக்கு 100 குரோனர் அபராதம் போட்டது தனிக் கதை. ரோசன் தன் அதிர்ஷ்டச் சின்னமாக வைத்திருந்த நீல ஸ்வஸ்திக்கை அதில் வரைந்திருந்தார். அந்த நாளையே பின்லாந்து விமானப்படை தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. சின்னமும் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாஜிக் கட்சி அதை எடுத்துக்கொண்டது 1920-ல்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். அதே ரோசன் 1930-களில் ஸ்வீடனின் நாஜி ஆதரவு அரசியலில் இறங்கினார். அவர் மனைவியின் தங்கையைத்தான், பிற்பாடு ஹிட்லரின் விமானப்படைத் தலைவரான கோரிங் மணந்திருந்தார். பின்லாந்தும் 1941 முதல் 1944 வரை ஜெர்மனியோடு சேர்ந்து சோவியத்தை எதிர்த்துப் போரிட்டது. 1945-ல் விமானங்களிலிருந்து ஸ்வஸ்திக் நீக்கப்பட்டு, வெள்ளை நீல வட்டம் வந்தது. விமானப்படைத் தலைமையகத்தின் முத்திரையில் அது இன்னும் பல பத்தாண்டு நீடித்து, 2017-ல்தான் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது.

கே: இதில் பெண்கள் யாருமே இல்லையா?
— இல்லத்தரசி, கடையநல்லூர்

ப: இருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் சர்வான்டோவுக்கு எந்தத் திசையில் போவது என்றே தெரிந்திருக்காது. அப்போது பின்லாந்தில் ராடார் கிடையாது. லோட்டா ஸ்வார்ட் என்ற பெண்கள் அமைப்பைச் சேர்ந்தவர்கள் கோபுரங்களிலும் மேடுகளிலும் நின்று, எத்தனை விமானம், எந்த உயரம், எந்தத் திசை என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மைனஸ் 30-ல் அசையாமல் நின்று வானத்தைப் பார்ப்பது, காக்பிட்டில் உட்காருவதைவிட எளிது என்று சொல்ல முடியாது.

கே: மலேயாவில் ஜப்பானியரிடம் அடி வாங்கிய பிரூஸ்டர் விமானம்தான் பின்லாந்தில் சக்கைப் போடு போட்டதாமே? பிஸ்டன் ரிங்கைத் தலைகீழாக மாட்டினார்கள் என்பதும் உண்மையா?
— டிராக்டர் ஒர்க்‌ஷாப் வாசகர், சுரண்டை

ப: இரண்டும் உண்மை. நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் மலேயாவில் இருந்த காலம் என்பதால் அங்கே நடந்தது இங்கே கேள்விப்பட்டிருக்கும். பின்லாந்து வாங்கியது 44 விமானம்; ஸ்வீடனில் பூட்டப்பட்டவை. குளிர்காலப் போருக்கு உதவாமல் தாமதமாக வந்தன, 1941-ல்தான் வேலை காட்டின. கப்பற்படைக் கருவிகள் கழற்றப்பட்டு எடை குறைந்த ஆரம்ப மாடல் இது. மலேயாவுக்குப் போனது பின்னால் எடை கூடிய மாடல். மலேயாவில் அதை ஓட்டியவர்களில் பலர் பயிற்சி முடித்த புதிது. எதிரே இருந்த ஜப்பானிய விமானிகளோ சீனாவில் சண்டை போட்டுப் பழகியவர்கள். அதோடு வெப்பம். 32 டிகிரிக் காற்றைவிட மைனஸ் 20 டிகிரிக் காற்று ஏறக்குறைய 20 சதவீதம் அடர்த்தி. என்ஜினும் நன்றாக மூச்சு விடும், சூடும் ஏறாது.

ரிங் விஷயம்: பிரூஸ்டரில் இருந்த ரைட் சைக்ளோன் என்ஜினில் ஆயில் தொல்லை இருந்தது. பின்லாந்து மெக்கானிக்குகள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ரிங்கைத் திருப்பி மாட்டினார்கள், என்ஜின் நம்பிக்கையாக ஓடியது. ஆயில் ரிங்கின் விளிம்பு ஒரு பக்கம் சாய்வாக இருக்கும். எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதைப் பொறுத்து ஆயிலைக் கீழே வழிக்கும் அல்லது மேலே விடும். திருப்பிப் போட்டால் சிலிண்டர் சுவரில் நிற்கும் ஆயிலின் அளவு மாறும். அந்த என்ஜினுக்கு அது சரிப்பட்டது. உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் டிராக்டரில் செய்துவிடாதீர்கள்: நீலப்புகை, கரி, ஆயில் செலவு மூன்றும் சேர்ந்து வரும். ரிங்கில் மேல்பக்கம் என்று குறி இருந்தால் அந்தக் குறி மேலேதான் இருக்க வேண்டும்.

கே: சர்வான்டோவா, யூடிலைனனா, யார் பெரியவர்?
— வாசகர், வள்ளியூர்

ப: எண்ணிக்கை என்றால் இன்னொரு பின்லாந்து விமானி இல்மாரி யூடிலைனன், 94 வெற்றி, மன்னர்ஹைம் சிலுவை இரண்டு முறை. அப்படி இரண்டு முறை பெற்றவர்கள் மொத்தம் நாலே பேர். கடைசி வரை அதிகாரியாகப் பதவி உயர மறுத்தவர். மேஜை வேலைக்கு இழுத்துவிடுவார்கள் என்ற பயம். ஒரே நாளில் ஒருவர் செய்த வேலை என்று பார்த்தால் சர்வான்டோ. நம் ஓட்டு சர்வான்டோவுக்கு. யூடிலைனனுக்குப் பிற்பாடு ஜெர்மன் சண்டை விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் கிடைத்தது. இவருக்கு அன்று கிடைத்தது சக்கரம் உள்ளே மடங்காத, மரத்தாலான இறக்கையும் துணி போர்த்திய பின்னுடம்பும் கொண்ட விமானம்.

கே: பள்ளிக் கண்காட்சிக்கு ஃபோக்கர் டி-21 மாடல் செய்ய வேண்டும், பறக்கவும் வேண்டும். அளவு சொல்லுங்கள்.
— ஒன்பதாம் வகுப்பு மாணவர், தென்காசி

ப: தம்பி, நிஜ விமானத்தின் இறக்கை 11 மீட்டர், நீளம் 8.2 மீட்டர். இருபதில் ஒரு பங்காகச் செய்தால் இறக்கை 55 செ.மீ., நீளம் 41 செ.மீ. இறக்கையின் சராசரி அகலம் ஏழரை செ.மீ. வரும், உடம்போடு ஒட்டும் இடத்தில் கொஞ்சம் கூடுதலாகவும் நுனியில் குறைவாகவும் வெட்டிக்கொள். 5 மி.மீ. தெர்மாகோல் அட்டை போதும், மொத்த எடை 70 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் மட்டும். உடனே ஒட்டும் சூப்பர் க்ளூவும், எனாமல் பெயின்ட்டும், ஸ்ப்ரே பெயின்ட்டும் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கும். நிறத்துக்குத் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வாங்கு. இறக்கையின் நுனிகள் ஒவ்வொன்றும் உடம்பைவிட 2 செ.மீ. உயர்ந்திருக்கும்படி லேசாக வளைத்து ஒட்டு. நேராக ஒட்டினால் ஒரு பக்கம் சரிந்து விழும். வளைத்த இடத்தில் அடிப்பக்கம் ஒரு மூங்கில் குச்சி வைத்துக் கட்டு.

பறக்கிறதா இல்லையா என்பது எடை நடுவில்தான் இருக்கிறது. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 2 செ.மீ. பின்னால், இரண்டு பக்கமும் விரல் நுனியில் வைத்துத் தூக்கு. விமானம் மட்டமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்குக்குள் களிமண் வை. வீசும்போது மூக்கைத் தூக்கி, நின்று, பொத்தென்று விழுந்தால் இன்னும் ஒரு கிராம் களிமண். நேரே தரையைக் குத்தினால் களிமண்ணை எடு. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று அடிக்கும்போது வீசாதே. விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போது, எதிர்க்காற்றைப் பார்த்து, மூக்கு லேசாகத் தாழ மெதுவாக விடு. சக்கரக் கால்கள் இறங்கும்போது முதலில் உடையும். அதனால் கழற்றி மாட்டும்படி செய்து, பறக்கும்போது கழற்றிவிடு. கண்காட்சி மேஜையில் மாட்டிக்கொள்.

மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளி கலந்த சாம்பல். வட்டமான வெள்ளைப் பின்னணியில் நீலச் சின்னம். அது ஏன் அங்கே இருக்கிறது என்று மேலே உள்ள பதிலைப் பார்த்து ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வை, இல்லாவிட்டால் வருகிறவர்கள் எல்லாம் அதையே கேட்பார்கள். படங்களில் பின்லாந்து விமானங்களின் உடம்பில் ஒரு மஞ்சள் பட்டை தெரியும். அது 1941-க்குப் பிறகு வந்தது. சர்வான்டோவின் எஃப்.ஆர்-97 என்று எழுதப் போகிறாய் என்றால், அந்தப் பட்டை வேண்டாம்.